நான்கு அறைக்கும் ஒரே சத்தம்

1. ஏழாவது கத்திரிக்காய்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஏழாவது கத்திரிக்காயைக் கையில் எடுத்த நேரத்தில் போன் அடித்தது. சவரிமுத்து மாஸ்டரின் மகள் ஷீலா.

"வேலு அங்கிள், அப்பா மாடிப்படியில விழப் பார்த்தாரு. கைப்பிடி கையில மாட்டுச்சு. இல்லன்னா இந்நேரம் ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணியிருப்பேன்."

"அடி பட்டுச்சாம்மா?"

"முழங்கால்ல சிராய்ப்புதான். ஆனா நீங்க புது டிவி மாட்டிட்டுப் போனதிலேருந்து வீட்டுக்குள்ளேயே தடுமாறுறாரு. போன வாரம் கதவுல மோதினாரு. இப்ப படி. இனிமே நான் ரிஸ்க் எடுக்க முடியாது லா. சண்டே பூசை முடிஞ்சதும் நேரா பொங்கோல்ல என் வீட்டுக்குத்தான். ரூம் ரெடி. நீங்களும் கொஞ்சம் சொல்லுங்க அங்கிள், நீங்க சொன்னா கேப்பாரு."

அன்று வியாழக்கிழமை. கத்திரிக்காய்களை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ரயில் ஏறினேன்.

டிவி ஆண்டெனாவும் கேபிளும் போட்டே வயதான எனக்கு, வாடிக்கையாளர் வீட்டில் ஒருவர் தடுமாறினார் என்றால் முதலில் வரும் பயம் வயர்தான். எங்கேயாவது கிளிப் கழன்று தரையில் தொங்கியிருக்குமோ? ரயிலில் உட்கார்ந்து அந்த வீட்டில் அடித்த கிளிப்களை மனத்திற்குள் எண்ணினேன். அறுபத்திரண்டு. படிக்கட்டுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. மறுபடி எண்ணினேன். அறுபத்திரண்டுதான் வந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுக்குழுவை நடத்தியவர். கண் அழுத்த நோயில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் முழுதாகப் போய்விட்டது. மனைவி பிலோமினா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குவீன்ஸ்டவுனில், அடுக்குமாடிகள் எழும்புவதற்கு முன் கட்டிய இரட்டை மாடி வரிசை வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. அதில் ஒன்றில் தனியாக இருக்கிறார். கீழே ஹால், சமையலறை. மேலே முன்னறை, பின்னறை. அந்த நான்கு அறைகளும் ஒரு படிக்கட்டும்தான் அவருடைய உலகம். ஞாயிற்றுக்கிழமை அது போய்விடும் என்றால், போவதற்குக் காரணம் நான் செய்த வேலை.

2. பிலோமினா கேட்டது

அந்த வீட்டுக்கு முதன்முதலில் டிவி வயர் இழுத்ததும் நான்தான். கேட்டது மாஸ்டர் இல்லை, அவர் மனைவி.

"அண்ணே, நான் கீழ சமைப்பேன், மேல துணி மடிப்பேன், திரும்பக் கீழ வருவேன். நாடகம் எங்கூடவே வரணும். நடுவுல அறுந்துடக்கூடாது. முடியுமா?"

"ஒரே சேனல்தான் எல்லா ரூம்லயும் ஓடும், பரவால்லியா?"

"வீட்ல ஒரே ஆளுதானே பாக்குறது. அவருக்கு டிவின்னாலே அலர்ஜி."

முடியும் என்றேன். ஹாலில் இருந்த கேபிள் பெட்டியின் படத்தையும் ஒலியையும் மாடுலேட்டர் என்ற சின்னக் கருவிக்குக் கொடுத்தால், அது வீட்டுக்குள்ளேயே ஒரு ஒளிபரப்பு நிலையம் மாதிரி மூன்றாம் சேனலில் அனுப்பும். அதை ஸ்பிளிட்டர் வைத்து நான்காகப் பிரித்தேன். பிரிக்கும்போது ஒவ்வொரு அறைக்கும் கால் பங்குகூட மிஞ்சாது. அதனால் பிரிப்பதற்கு முன்பே ஒரு ஆம்பிளிஃபயர் வைத்துச் சிக்னலைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிரித்த பிறகு தூக்கினால் இரைச்சலும் சேர்ந்து தூக்கப்படும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்றும் செய்கிற பிழை இது. பன்னிரண்டு கனெக்டர் முறுக்கினேன். பன்னிரண்டையும் இழுத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் காலை முதல் மாலை வரை நான்கு டிவிகளும் மெதுவான சத்தத்தில் ஓடின. பிலோமினா இறந்த பிறகும் மாஸ்டர் அவற்றை நிறுத்தவில்லை. வெளியே நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுபோய், எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறியாயிற்று. அந்த ஒரு வீட்டின் சுவர்களுக்குள் மட்டும் மூன்றாம் சேனல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கக் கண் இல்லாத ஒருவர், முதுகு வீங்கிய பழைய பெட்டிகளின் நடுவே நடமாடிக்கொண்டிருந்தார். மதியத்தில் போனால் நான்கு அறைகளும் ஒரே வாயால் முணுமுணுப்பது கேட்கும். வெளியே வெயில் காயும்; உள்ளே தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருக்கும்.

3. எல்லாம் நல்ல அளவு

இந்த ஆண்டு பின்னறை டிவியிலிருந்து கருகிய வாடை வந்தது. ஷீலா பயந்துபோய் நான்கையும் தூக்கிப் போடச் சொன்னாள். தட்டை டிவிகள் நான்கு வாங்கினாள். மூன்று ஒரே கம்பெனி, சமையலறைக்குச் சின்னதாக ஒன்று வேறு கம்பெனி. எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே மாதிரி கெட்டுப்போகும், பழுது பார்ப்பது சுலபம்.

புது முறையில் செய்தேன். ஹால் டிவிக்குப் பெட்டியிலிருந்து நேரடி வயர். மற்ற மூன்றுக்கும் நெட்வொர்க் வயர் இழுத்து, ஒரு முனையில் அனுப்பும் பெட்டி, மறுமுனையில் வாங்கும் பெட்டி. பழைய வயர்களின் தலையை மட்டும் வெட்டிவிட்டுச் சுவரோரக் குழாயிலேயே விட்டேன். நான் போட்ட வயரை நான் பிடுங்குவதில்லை. என் மனைவி இதைக் கஞ்சத்தனம் என்பாள்.

வேலை முடிந்ததும் நான்கு திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு வைத்திருந்த நடிகையின் பொட்டு ஓரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"படம் கண்ணாடி மாதிரி இருக்கு மாஸ்டர்."

"ரொம்ப சந்தோஷம். நீ நல்லா பாத்துட்டுப் போ" என்றார்.

நான் சிரித்துவிட்டு ஏணியை மடித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

வியாழக்கிழமை போனபோது முழங்காலில் பிளாஸ்டரோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து குனிந்து தரையெல்லாம் பார்த்தேன். ஒரு வயரும் தொங்கவில்லை. கிளிப் அறுபத்திரண்டும் இருந்தன. மீட்டரை எடுத்து ஒவ்வொரு முனையையும் அளந்தேன். எல்லாம் நல்ல அளவு.

"என்ன வேலு, நாய் மாதிரி தரையை மோந்து பாக்குற?"

"எதுல தடுக்குச்சுன்னு பாக்குறேன் மாஸ்டர்."

"எதுலயும் தடுக்கல. படி வந்திருச்சுன்னு தெரியல, அவ்வளவுதான். முன்னாடியெல்லாம் அது தானா வந்து சொல்லும்."

"எது வந்து சொல்லும்?"

"எல்லா ரூம்லயும் சத்தம் இருந்துச்சுல்ல. மேல முன்ரூம் சத்தமும் கீழ ஹால் சத்தமும் சரிசமமா எங்க கேக்குதோ அதான் படியோட வாய். அங்க நின்னு கைப்பிடியைத் தேடுவேன். இப்ப ஹால்ல இருக்கிற ஆளு ஒருத்தன்தான் வீடு பூரா பேசுறான். மத்த மூணு பேரும் வாயை மூடிக்கிட்டாங்க."

மூன்று டிவியும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு நன்றாகக் கேட்டது. வயதானவர், காதும் போய்க்கொண்டிருக்கிறது போல என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"செவிடாயிட்டேன்னு நெனக்கிற. வா மேல."

4. துண்டு

மாடிப் பின்னறையில் என்னை நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார். துண்டில் முழங்கால் தைல வாடை.

"இது எதுக்கு மாஸ்டர்? எனக்கு சர்க்கரை இருக்கு, எங்கயாவது இடிச்சா புண்ணு ஆறாது."

"இடிச்சுக்க விடமாட்டேன். இந்த ரூம் டிவி எங்க இருக்குன்னு கையைக் காட்டு."

அது என் வலப்பக்கம் இருந்தது. மாட்டியவன் நான்தான். ஆனால் கையைத் தூக்கியபோது தயங்கினேன். அறிவு வலப்பக்கம் என்றது. காது இடப்பக்கம், கீழே, தூரத்தில் என்றது. ஒரு பெண் தன் மாமியாரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள். அவள் என் பக்கத்தில் இல்லை. வாசலுக்கு வெளியே எங்கேயோ, படிக்குக் கீழே நின்று பேசினாள்.

"நட" என்றார் மாஸ்டர்.

நடந்தேன். கண்ணைக் கட்டியதும் அந்தச் சின்ன வீடு பெரிதாகிவிட்டது. நடைபாதை நீண்டுகொண்டே போனது. சுவரைத் தேடினால் சுவர் இல்லை. அந்தப் பெண்ணின் குரல் எனக்கு முன்னால் அதே தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. நான் ஓர் அடி வைத்தால் அதுவும் ஓர் அடி தள்ளிப் போனது. முன்னறையைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த அறை வரவேயில்லை. ஜன்னலில் மழை ஆரம்பித்த சத்தம் கேட்டது. அது ஒன்றுதான் உண்மையான இடத்திலிருந்து வந்தது. தூக்கத்தில் தெரிந்த ஊரில் வழி தவறுவோமே, அப்படிப் பயமும் சுகமும் கலந்து இருந்தது. எண்ண மறந்துவிட்டேன். எத்தனை அடி வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

சட்டைக் காலர் கழுத்தை இறுக்கியது. மாஸ்டர் பின்னாலிருந்து பிடித்திருந்தார்.

"போதும். துண்டை எடு."

எடுத்தேன். முதல் படியின் விளிம்புக்கு வெளியே என் பெருவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. முன்னறை எனக்குப் பின்னால் இருந்தது. அதன் டிவி திறந்த கதவு வழியாகச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்ததும் குரல் ஓடிவந்து அந்தத் திரைக்குள் உட்கார்ந்துகொண்டது.

நான் அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

5. மேல்மாடத்துப் பாட்டுக்குழு

விளக்கம் மாஸ்டரிடமிருந்து பாதி வந்தது, என்னிடமிருந்து பாதி.

"எங்க கோயில்ல பாட்டுக்குழு பின்பக்கம் மேல்மாடத்துல நிக்கும்" என்றார். "ஜனங்க பீடத்துக்கிட்ட. எங்க பாட்டு அங்க போய்ச் சேர்றதுக்குள்ள கொஞ்சம் லேட். அவங்க பாடுறது திரும்ப எங்களுக்கு வர்றதுக்குள்ள இன்னும் லேட். புதுசா வர்றவங்க ஜனங்களைக் கேட்டுப் பாடுவாங்க. பாட்டு இழுத்துக்கிட்டே போகும். நான் சொல்லுவேன், கீழ கேக்காதீங்க, என் கையைப் பாருங்கன்னு."

"அதுக்கும் இதுக்கும் என்ன மாஸ்டர்?"

"ஒருநாள் முன் வரிசையில ஒரு ஸ்பீக்கர் வெச்சாங்க. எங்க பாட்டு அந்த ஸ்பீக்கர்ல முந்தி வந்திருச்சு. கீழ இருந்தவங்க எல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னைக்குப் பாட்டுக்குழு பீடத்துக்கிட்ட நின்னுச்சா மாஸ்டர்னு கேட்டாங்க. நாங்க மேல தொண்டை கிழியப் பாடிக்கிட்டு இருக்கோம். எது முந்தி வருதோ அதுதான் இடம். பின்னாடி வர்றது எவ்வளவு சத்தமா வந்தாலும் காது அதையும் முந்தினவன் கணக்குலதான் சேர்க்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஹால் டிவிக்கு நேரடி வயர். மற்ற மூன்றுக்கும் இரண்டு பெட்டிகளைத் தாண்டி ஒலி போகிறது. அதற்குமேல் இந்தக் காலத்து டிவி ஒவ்வொன்றும் ஒலியை உள்ளே வைத்துப் பக்குவம் செய்துவிட்டுத்தான் வெளியே விடுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு நொடியில் சின்னத் துண்டு. தனியாக எதிரொலி என்று கேட்காது. ஆனால் ஹால் எப்போதும் முந்துகிறது. பழைய பெட்டிகளில் இந்தத் தாமதம் இல்லை. நான்கும் ஒரே கணத்தில் பேசின. அதை வைத்து மாஸ்டர் மூன்று வருஷமாகத் தனியாக வீட்டில் நடமாடியிருக்கிறார். பிலோமினாவின் நாடகத்துக்காக இழுத்த வயர் அவருக்குக் கைத்தடி ஆகியிருக்கிறது. நான் அந்தத் தடியைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி மாதிரிப் படம் கொடுத்திருக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் சிக்னல் ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று எத்தனையோ ஆயிரம் தடவை அளந்திருக்கிறேன். எப்போது போய்ச் சேர்கிறது என்று ஒரு தடவைகூட அளந்ததில்லை. மீட்டரில் அதற்கு முள்ளும் இல்லை.

"சண்டேக்குள்ள ஆகுமா வேலு?"

"ஆகும்" என்றேன். வீட்டுக்குப் போய் இரவெல்லாம் ஆகாது என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

6. பிந்துகிறவள்

வெள்ளிக்கிழமை காலை போனேன். டிவிகளின் தாமதத்தை ஒவ்வொன்றாகக் குறைக்கப் பார்த்தேன். மெனுவுக்குள் மெனுவாகப் போய், அங்கே இருந்த எல்லா அழகுபடுத்தும் வசதிகளையும் அணைத்தேன். ஹால் இன்னும் முந்தியது. மதியம் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரோரக் குழாய்க்குள் தலை வெட்டிப்போட்ட பழைய வயர்கள் நான்கும் படுத்திருப்பது ஞாபகம் வந்தது.

அதன்பின் வேலை சுலபம். பெட்டியிலிருந்து ஒலியை மட்டும் தனியாக எடுத்தேன். நான்காகப் பிரித்துப் பழைய வயர்களிலேயே அனுப்பினேன். ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்ன ஸ்பீக்கர். டிவிகள் நான்கின் வாயையும் மூடிவிட்டேன். படம் புதுப் பாதையில் வரட்டும், ஷீலா வரும்போது பார்க்கட்டும். சத்தம் பிலோமினாவின் பாதையில் வரும். நடுவில் எந்தப் பெட்டியும் இல்லை, பக்குவமும் இல்லை.

சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் போட்டேன். மாஸ்டர் பின்னறையிலிருந்து நடந்து வந்தார். முன்னறையைத் தாண்டினார். இன்னும் கொஞ்சம். நின்றார். முகம் மெல்லத் தளர்ந்தது. கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தது.

"வந்திருச்சு" என்றார்.

கீழே இறங்கி ஹாலைக் கடந்து சமையலறைக்குப் போனார். அங்கே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். தளர்ந்த முகம் மறுபடி சுருங்கியது.

"இங்க மட்டும் முன்னாடி இருந்த மாதிரியே விட்டுடு."

"எப்படி?"

"லேட்டா."

எனக்குப் புரியவில்லை. நீ மாட்டிய புது டிவிகளில் சமையலறையில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் பிந்தியது என்றார். வேறு கம்பெனி, அதனால் இருக்கும். மற்ற அறைகள் பேசும்போது அதன் இடம் தெரியவில்லை; அவை நிறுத்தியதும் மட்டும் வால் மாதிரி அது கொஞ்சம் இழுத்தது. மாலையில் அவர் ஜெபமாலை நேரலை வைப்பார். எல்லாரும் ஒன்றாகப் பதில் சொல்லும்போது சமையலறையில் மட்டும் ஒரு குரல் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டது.

"பிலோமினா எப்பவும் அப்படித்தான் வேலு. பாட்டுக்குழுவுல எல்லாரும் நிறுத்தின பிறகு அவ மட்டும் ஒரு இழுப்பு. திட்டாத நாள் கிடையாது. முதல் வரிசையில இருந்து கடைசி வரிசைக்கு மாத்துனேன். அங்க போயும் லேட்டு. கல்யாணத்தன்னைக்கு சம்மதமான்னு சாமியார் கேட்டப்பவே லேட்டாதான் சொன்னா, கோயில்ல எல்லாரும் பயந்துட்டாங்க." சிரித்தார். "முதல் நாள் நீ மாட்டிட்டுப் போன அன்னைக்கு சாயங்காலம், ஹால்ல உக்காந்து ஜெபம் சொல்லிக்கிட்டு இருக்கேன். கிச்சன்ல இருந்து அவ பதில் சொன்னா."

நான் ஸ்குரூடிரைவரைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அது ஆபத்து மாஸ்டர். லேட்டா விட்டா காது அதை ஹால் கணக்குல சேர்த்துடும்னு நீங்கதான சொன்னீங்க? சமையலறை எங்க இருக்குன்னே தெரியாமப் போயிடும். அங்க அடுப்பு இருக்கு. கத்தி மூணு இருக்கு. நாளைக்கு ஷீலா வந்து பாக்கும்போது நீங்க தடுமாறினா, அதோட முடிஞ்சுது."

அவர் கழுவும் தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். வீடு போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

நான் கவலைப்படுகிறவன். கவலைப்படுகிறவர்கள் பையில் தேவையில்லாத சாமான்கள் நிறைய இருக்கும். என் பையில் ஒலியைத் தாமதிக்கும் கருவி ஒன்று இருந்தது. படத்தில் வாய் அசைவும் பேச்சும் பொருந்தாத வீடுகளில் பொருத்துவதற்கு வாங்கியது. அதைச் சமையலறை வயரில் மட்டும் போட்டேன். மாஸ்டரை ஹாலில் உட்கார வைத்தேன். ஜெபமாலை ஒளிபரப்பு ஓடியது.

"கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுறேன். என்ன கேக்குதுன்னு சொல்லுங்க."

"கிச்சன் இருக்கு." பொத்தானை அழுத்தினேன். "இப்ப போயிடுச்சு. எல்லாம் ஹால்ல இருந்து வருது." அழுத்தினேன். "இன்னும் இல்ல." அழுத்தினேன். "சத்தம் தடிச்சுப்போச்சு, ஆனா இடம் தெரியல."

இதுதான் நான் பயந்த இடம். ஆனால் அதோடு நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. மேலும் அழுத்தினேன். ஓரிடத்தில் அந்தத் தடித்த சத்தத்தின் ஓரம் பிரிய ஆரம்பித்தது. வாழைப்பூவின் மடல் விலகுவது போல. எனக்கே கேட்டது.

"நில்லு" என்றார் மாஸ்டர். "இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு."

ஹாலில் ஜனங்கள் சேர்ந்து பதில் சொன்னார்கள்: எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அவர்கள் நிறுத்திய பிறகு சமையலறையிலிருந்து, தன் பாட்டுக்கு, ஓர் இழுப்பு இழுத்து அது வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இரண்டு வயதுக் குழந்தைகூடக் கை காட்டியிருக்கும். கொஞ்சம் பிந்தினால் காதை ஏமாற்றுகிறது. நன்றாகப் பிந்தினால் தானே ஓர் ஆளாகி நிற்கிறது.

மாஸ்டர் வலது கையைத் தூக்கினார், பாட்டுக்குழுவை நிறுத்துகிறவர் மாதிரி. கை அந்தரத்தில் நின்றது. பிறகு மடியில் இறங்கியது.

"அவதான்" என்றார்.

கருவியின் சின்னத் திரையில் ஓர் எண் இருந்தது. பார்த்தேன். எல்லாவற்றையும் எண்ணி எழுதுகிற நான் அதை இங்கே எழுதவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

7. ஞாயிறு

பூசை முடிந்து ஷீலா வந்தாள். ஒரு கையில் நாசி லெமாக் சோறு மூன்று பொட்டலம், இன்னொரு கையில் துணிகளுக்கான பெரிய நீலப் பை. பையைப் பார்த்ததும் நான் சுவரோரக் கிளிப்களை எண்ண ஆரம்பித்தேன்.

"அங்கிள் சரி பண்ணிட்டேன்னு சொன்னாரு. நான் நம்ப மாட்டேன், நான் பாக்கணும்" என்றாள். "அப்பா, மேல போய் உங்க ஜெபமாலையை எடுத்துட்டு வாங்க. அப்புறம் கிச்சன் போய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி. நான் பிடிக்க மாட்டேன்."

"ஸ்கூல் பரீட்சையா?"

"ஆமா. ஃபெயில் ஆனா பொங்கோல்."

டிவியில் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் மன்றாட்டு மாலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஏறினார். பிடிக்க மாட்டேன் என்றவள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். நான் கீழே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய காலடி பின்னறை வரை போனது. திரும்பியது. எண்ணக்கூடாது என்று நினைத்தேன். நின்றது. படிக்கு மேலே, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கைப்பிடியை இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

ஹாலைக் கடந்து நேராகச் சமையலறைக்குப் போனார். கிளாஸை எடுத்தார். குழாயைத் திறந்தார். ஷீலா வாசலில் நின்றவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"அங்கிள், இந்த ஸ்பீக்கர் மட்டும் லேட்டா வருது. ஸ்பாயில் ஆயிருச்சா?"

நான் விளக்க வாயைத் திறந்தேன். மில்லி செகண்டில் ஆரம்பித்திருப்பேன். மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"ரிப்பேர் இல்லம்மா. கேளு."

அவள் போய்க் குழாயை மூடினாள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றது வீடு. எல்லாரும் முடித்த பிறகு சமையலறை சொன்னது. அடுத்த புனிதரின் பெயர். வீடு சொன்னது. சமையலறை பிந்திச் சொன்னது. ஷீலாவின் கை குழாயிலேயே இருந்தது. மூன்றாவது முறை அவள் உதடு அசைந்தது. வீட்டோடு சேர்ந்து அல்ல, பிந்தியதோடு சேர்ந்து.

"அம்மாவை நீங்க கடைசி வரிசைக்கு மாத்துனீங்கல்ல?" என்றாள்.

"மாத்துனேன்."

"அழுதாங்க, தெரியுமா?"

"தெரியும்."

"இப்ப எங்க மாத்துவீங்க?"

"இப்ப எங்க மாத்துறது? கிச்சன் அவளோடது" என்று சொல்லித் தண்ணீர்க் கிளாஸை அவள் இருந்த பக்கம் சரியாக நீட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மூன்று பேரும் சாப்பிட்டோம். நீலப் பையை எட்டாக மடித்துக் கைப்பைக்குள் செருகினாள்.

"அடுத்த மாசம் மறுபடி டெஸ்ட் பண்ணுவேன்பா."

"பண்ணு. வேலுவையும் கூப்பிடு. எனக்கு இல்ல, அவனுக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்குது."

*

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது சிறியது. மீட்டரில் அளவு பாருங்கள், கனெக்டரை இழுத்துப் பாருங்கள், ஒவ்வொரு திரையின் முன்னாலும் நின்று பாருங்கள். எல்லாம் முடிந்து ஏணியை மடிப்பதற்கு முன், அந்த வீட்டுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி, அறைக்கு அறை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். அவர்கள் எதற்காக டிவி கேட்டார்கள் என்பது அப்போது கொஞ்சம் தெரியவரும்.

அன்று மாலை எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டை விட்டு இறங்கியபோது தமிழ்ச் செய்தி நேரம். நீண்ட நடைபாதையில் தமிழர் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே செய்தி. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் ஒவ்வொரு விதம். ஒரே வாக்கியம் ஒரு வாசலில் முடிந்து அடுத்த வாசலில் அப்போதுதான் தொடங்கியது. இத்தனை வருஷம் அதன் நடுவே கதவுகளை எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறேன். அன்று கண்ணை மூடிக்கொண்டேன். குரல் எனக்கு முன்னும் பின்னும் அலைபோலப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் சொல்லி முடித்த ஒரு சொல்லை, ஒரு வீடு மட்டும் நிதானமாகக் கடைசியில் சொன்னது. அங்கே நின்றேன்.

"நம்ம வாசல்ல கண்ணை மூடிக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றாள் என் மனைவி. "வியாழக்கிழமை வாங்கப் போன கத்திரிக்காய் எங்க?"